ஒன்ஸ்மோர் கேட்டவர்

நூலகத்து மாடி அறையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒன்ஸ்மோர் எழுந்து நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று அந்த ரசிகர் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். அவருடைய சொந்தப் பெயர் உறுப்பினர் பட்டியலில் மட்டும் உண்டு, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. அவர்கள் கொண்டாடும் அந்த நாடகம் ஓடிய காலத்தில், இரண்டாம் அங்கத்தில் கதாநாயகியின் பாட்டு முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து “ஒன்ஸ்மோ…ர்” என்று ஒரு குரல் கிளம்பும். அவர் இழுக்கிற இழுப்பில் கைதட்டலே அடங்கிவிடும். வாத்தியக்காரர்கள் புரட்டிய தாளைத் திரும்பப் புரட்டுவார்கள், கதாநாயகி முதலிலிருந்து பாடுவாள். அதற்காகவே அவர் வருகிற நாளாகப் பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு.

நாடகத்தின் பெயர் ‘ஐந்தே காலுக்கு ஒரு ரயில்’. தந்தி ஆபீசில் வேலை செய்யும் ஒருத்திக்குத் தூர ஊரில் பெரிய உத்தியோகம் கிடைக்கிறது. பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள். புருஷன் வருகிறான், ஒரு வார்த்தை பேசவில்லை, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கிறான். அவள் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘நீ என் ஊர்’ என்று பாடுகிறாள். அந்தக் காலத்தில் இதற்கு அழாதவர்கள் இல்லை. நாற்பது வருடம் கழித்து இப்போது ஒரு குழு அதை மறுபடி மேடையேற்றப் போகிறது. ஆனால் அவர்கள் கதையில் அவள் ரயில் ஏறிப் போய்விடுவாள். ரயில் போன பிறகு காலி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அதே பாட்டைப் புருஷன் பாடுவான்.

எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உரிமை அவருடைய மகனிடம் இருந்தது. மகன் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மனிதர். பழைய ரசிகர்கள் சரி என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு வரியும் மாறக்கூடாது என்று பொறுப்பை இவர்கள் தலையில் கட்டிவிட்டார். இரண்டு மணி நேரமாக அதைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் செயலாளரான பல் டாக்டரம்மா மாற்ற வேண்டும் என்ற கட்சி. இப்போது வருகிற பெண்கள் அந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள், நாம் அழுத இடத்தில் நாலு பேர் சிரித்தால் நமக்குத் தாங்குமா என்று கேட்டார். தையற்கடைக்காரர், அளவெடுத்துத் தைத்த கோட்டில் கை வைத்தால் கோட்டும் போய் ஆளும் போய்விடுவான் என்றார். பின்வரிசையில் ஒருவர் டீ எப்போது வரும் என்று விசாரித்தார். கை தூக்கச் சொல்லியிருந்தால் அந்த நிமிடம் பாதிக்குப் பாதி வந்திருக்கும்.

ஒன்ஸ்மோர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நான் நாடகத்தைப் பத்திப் பேசல. என் வீட்டுக்காரியப் பத்திப் பேசுறேன். பதினோரு தடவை என் பக்கத்துல உக்காந்து இதப் பார்த்தா. அவளும் வெளியூர் வேலைக்குப் போக வேண்டியவதான், குடும்பத்துக்காக நின்னவதான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அந்தப் பாட்டு அவளுக்காகவே எழுதுன பாட்டு. இப்ப அந்தப் பொண்ண ரயில் ஏத்தி அனுப்பிட்டீங்கன்னா, இவ வாழ்ந்ததே தப்புன்னு ஆயிடும்.”

மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? தையற்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாற்றக்கூடாது என்று பதினான்கு கைகள், மாற்றலாம் என்று ஏழு. டார்ச் அக்கா இரண்டுக்கும் கை தூக்கவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அரங்கத்தில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் வேலையில் இருந்தவர் அவர். கூட்டத்துக்கு வருவார், டீ குடிப்பார், வாயைத் திறக்காமல் போவார்.

அன்றைக்கு வாயைத் திறந்தார். கூட்டம் கலைந்து, முட்டி வலியோடு கம்பியைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒன்ஸ்மோர் கை கொடுத்தார். ஜெயித்த சந்தோஷத்தில் அவர் நடையே கொஞ்சம் மாறியிருந்தது. பாதிப் படியில் டார்ச் அக்கா நின்றார்.

“பதினோரு தடவைன்னு சொன்னீங்க சார்.”

“ஆமாக்கா. டிக்கெட் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்.”

“நாடகம் பதினோரு தடவைதான். அந்தப் பாட்ட அவங்க ஒரே தடவைதான் கேட்டாங்க.”

அவருக்குப் புரியவில்லை. அக்கா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். முதல் தடவைக்குப் பிறகு எப்போது வந்தாலும், பிளாட்பாரக் காட்சிக்குத் திரை விலகியதும் அந்த அம்மா எழுந்து வெளியே வந்துவிடுவார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நடைக்கூடத்து பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்காருவார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. பிள்ளைகளின் இருமல், பால்காரர் தண்ணீர் கலப்பது, இப்படித்தான். ஒரு நாள் அந்த நடைக்கூடத்தைக் குதிகாலும் விரலும் ஒட்ட வைத்து நடந்து அளந்து, நாற்பத்திரண்டரை அடி, இடது பக்கச் சுவர் கோணல் என்று சொல்லியிருக்கிறார்.

“உள்ள நீங்க ஒன்ஸ்மோர் கேப்பீங்க. வெளியில நல்லாக் கேக்கும். ‘இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குக்கா’ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. கோவமாச் சொன்னதில்ல சார். அதனாலதான் எனக்கு மறக்கவே இல்ல.”

“ஏன் வெளிய வந்தேன்னு நீங்க கேக்கலையா?”

“ஒரு தடவை கேட்டேன். அந்தப் பொண்ணு போயிருக்கலாம்னாங்க. அவ்வளவுதான்.”

இதை மேலேயே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டபோது குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அத்தனை பேர் கைதட்டிக்கொண்டிருந்தபோது எப்படிச் சொல்வது என்றார் அக்கா. சொல்லியிருக்க வேண்டும் என்று தனக்கும் இப்போது தோன்றுகிறது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டிக்கெட் டப்பாவைத் திறந்தார். பதினோரு ஜோடி. பத்து ஜோடியில் ஒன்று ஓரத்து இருக்கை. கால் மரத்துப்போகிறது, எழுந்து நடந்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதால் அவரே கேட்டு வாங்கிய ஓரம். இரண்டாம் அங்கத்தில் மட்டும் தவறாமல் மரத்துப்போகிற கால் என்ன கால் என்று அவர் யோசித்ததில்லை. மருந்துக்கடையில் தைலம் வாங்கிக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் ஒரே பிழை இரண்டு முறை வந்தால் மேஜையைத் தட்டி அச்சுக் கோப்பவரைக் கூப்பிடுகிற ஆள், பத்து முறை வந்ததைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணமான இரண்டாவது வருடம் அந்தக் கடிதம் வந்தது. அவள் பொறியாளர் அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். அவள் போடுகிற கோடு அச்சில் வந்த கோடு மாதிரி இருக்கும் என்று மேலதிகாரியே சொல்வாராம். கடல் வரைபட அலுவலகத்தில் இரண்டு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை, வேறு ஊர். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் போகாதே என்று சொல்லவில்லை. இத்தனை வருடமும் அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. “உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். மூன்றாம் நாள் அவள் கடிதத்தை மடித்துத் துணி அலமாரியில் வைத்துவிட்டுத் தட்டைப் போட்டாள். அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று முதல்முறையாக அந்த நாடகத்துக்குக் கூட்டிப்போனார். மேடையில் கதாநாயகி டிக்கெட்டைக் கிழித்தபோது இவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கை அப்படியே கிடந்தது. நெகிழ்ந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துத்தான், அவளுக்காகத்தான், வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்து நின்று ஒன்ஸ்மோர் கேட்டார்.

மறுநாள் காலையில் பல் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். தன் வாக்கை மாற்றிப் போட வேண்டும் என்றார்.

“நேத்தே எழுதினவரோட மகனுக்கு முடிவ அனுப்பிட்டேன் சார். நீங்க பேசினதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். படிச்சிட்டு அவர் அழுதுட்டாராம். ஒரு வரி மாறாதுன்னு உடனே கையெழுத்துப் போட்டுட்டார். தோத்தவ நானு. நான் போய் மறுபடி கேட்டா நல்லாவா இருக்கும்?”

இவரே நாடக ஆசிரியரின் மகனுக்கு எழுதினார். நாலு தடவை அடித்துத் திருத்தி எழுதிய கடிதத்துக்கு மிக மரியாதையாகப் பதில் வந்தது. ஒத்திகை தொடங்கிவிட்டது, மன்னிக்க வேண்டும். கூடவே ஒரு தாளும் இருந்தது. நாடகத்தன்று கொடுக்கப்போகும் சிறுநூலின் முதல் பக்கம். பழைய தொழிலுக்கு மரியாதையாக அவரையே மெய்ப்புப் பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். ‘இந்த நாடகத்தைக் கணவர் அருகில் அமர்ந்து பதினோரு முறை கண்டு களித்த அந்த அன்னைக்கு இது சமர்ப்பணம்’ என்றிருந்தது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். வெகுநேரம் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ‘பதினோரு’ என்பதை அடித்து ஓரத்தில் ‘ஒரு’ என்று எழுதினார். ‘கண்டு களித்த’ என்பதை அடித்து ‘கண்ட’ என்று எழுதினார். முழுப் பக்கத்தையும் அடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் அவளைப் பற்றி அச்சில் வரப்போகிற ஒரே வரியும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. எதுவும் செய்ய முடியாத இடத்தில் அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நாடகத்தன்று மாலை அரங்க வாசலில் தையற்கடைக்காரர் அந்தச் சிறுநூலை விரித்தபடி அவரைப் பிடித்துக்கொண்டார். “என்ன சார் இது, பதினோரு தடவைய ஒரு தடவையாக்கிட்டானுங்க. நீங்க பாத்தும் இப்படியொரு பிழையா?”

“பிழை இல்ல. இப்பதான் சரியா இருக்கு.”

தையற்கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இன்றைக்கு உங்கள் குரலுக்காகத்தான் எல்லோரும் வந்திருக்கிறோம் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். மூன்றாவது வரிசையில் இரண்டு இருக்கை கொடுத்திருந்தார்கள். அவர் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

பிளாட்பாரக் காட்சிக்குத் திரை விலகியது. அதே விளக்குக் கம்பம், அதே மர பெஞ்சு, ஐந்து மணி காட்டும் அதே கடிகாரம். பெட்டியோடு கதாநாயகி வந்தாள். ஒன்ஸ்மோர் எழுந்தார். பின்வரிசையில் நடைவழிக்குக் கால் நீட்டியிருந்த யாரோ அவசரமாக மடக்கி வழிவிட்டார்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்த முடியவில்லை, அது கிறீச்சிட்டது. அவள் எப்படிச் சாத்தினாள் என்று தெரியவில்லை.

பெஞ்சு இன்னும் அங்கேதான் இருந்தது, பெயின்ட் மட்டும் மாறியிருந்தது. வாசலில் நின்ற பணியாளர் கழிப்பறைக்கு வழி காட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் பாட்டு தொடங்கியது. சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை, மெட்டு மட்டும் வந்தது. சொற்கள் அவருக்கு மனப்பாடம். தன்னையறியாமல் வாயசைத்தார். ‘ஊரெல்லாம் எனக்கெதற்கு, நீ என் ஊர்.’ ஆம்பளை பாடுகிற பாட்டா இது என்று அன்றைக்குக் கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. வாயசைப்பதை நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் கதவு அதிர வந்து மெல்லத் தணிந்தது. தணிந்து, பிறகும் ஒரு கணம் நீண்டது. எல்லோரும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் சொன்னார்.

“ஒன்ஸ்மோ…ர்” என்று உள்ளே ஒரு குரல் கிளம்பியது. அவருடைய அதே இழுப்பு. யாரோ நாற்பது வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன, வாத்தியங்கள் முதலிலிருந்து தொடங்கின.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு” என்றார் அவர். பணியாளர் தன்னிடம் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

ஒன்ஸ்மோர் சுவரைப் பிடித்து எழுந்து நடைக்கூடத்தின் கோடிக்குப் போனார். குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்தார். அதன் முன்னால் அடுத்த காலை விரலோடு ஒட்ட வைத்தார். ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, தடுமாறாமல் இருக்க இடது கையால் அந்தக் கோணல் சுவரைத் தொட்டபடியே, கதவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.