சுமைதாங்கிக் கல்லில் பாதி வெள்ளத்தாய்

முப்பத்தைந்தாம் வருஷ வாக்கில் வன்னியம்பட்டிக்கு ஒரு படக்காரர் வந்தார். வேதமணி என்று பெயர், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை. மூன்று கால் மரப்பெட்டியையும் கறுப்புத் துணியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவரை அனுப்பியது வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி. சீமையில் அவள் தங்கச்சி, தான் குடியிருக்கும் சின்ன ஊரின் கிணறு, தபால் பெட்டி, வழிப்போக்கர் உட்காரும் பெஞ்சு என்று ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பதிலுக்கு இவளும் இங்கத்தி ஊர் ஒன்றை அனுப்ப வேண்டுமாம்.

"வில்லிபுத்தூர்க் கோபுரத்தை எடுத்து அனுப்ப வேண்டியதுதான?" என்று கேட்டார் ஆண்டிச்சாமி அண்ணாச்சி. ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"கோபுரம் வேண்டாங்காங்க அண்ணாச்சி. தெனமும் கண்ணுல படுறதுதான் வேணுமாம்."

"அப்ப எங்க எருமையை எடும்" என்றேன் நான்.

எடுத்தார். எருமையின் வலப்பக்கம் மட்டும் விழுந்தது. அன்றிலிருந்து அது இடப்பக்கமாகவே திரும்பியது; வலப்பக்கம் படத்தோடு போய்விட்டதல்லவா. கிணற்றை எடுத்தார், மறுநாள் தண்ணீரில் மருந்து வாடை. புளியமரத்தை எடுத்தார், காக்கைகள் அதில் உட்காரப் பயந்து சுற்றிச் சுற்றிப் பறந்தன. இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. வேண்டுமானால் எருமையைக் கேட்டிருக்கலாம். அது இப்போது இல்லை.

கடைசியாகச் சுமைதாங்கிக் கல்லுக்கு வந்தார். மம்சாபுரம் போகிற பாதையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற கல் அது. ஆண்டிச்சாமியின் அக்கா மாடத்தி, பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனவள். இறக்காத சுமையோடு போனவளுக்கு, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கக் கல் நட வேண்டும். அப்போதுதான் அவள் ஆறுவாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது; இது அவளுக்காக நட்ட கல்.

அவர் துணிக்குள் தலையை விட்ட நேரத்தில் என் மனைவி வெள்ளத்தாய் புல்லுக்கட்டோடு வந்தாள். மாசமாக இருந்தாள், வயிறு நன்றாகத் தெரிகிற சமயம். கட்டைக் கல்லில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"அம்மா, அப்படியே நில்லுங்க" என்றார் வேதமணி.

கொஞ்ச நேரம் நின்றாள். திடீரென்று கட்டைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"ஏட்டி, ஏன் ஓடியாந்த?"

"அவருதான போகச் சொன்னாரு."

கொஞ்ச நாள் கழித்து வேதமணி படங்களோடு வந்தார். எது எது என்னவென்று துரைசாணிக்கு விளக்கம் எழுத வேண்டுமாம். எல்லாரும் மொய்த்துக்கொண்டோம். கடைசியில் சுமைதாங்கிப் படம் வந்தது.

கல் இருந்தது. புல்லுக்கட்டு, ஒவ்வொரு புல்லும் எண்ணுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் வெள்ளத்தாய் புகை மாதிரி நின்றாள். அவள் வயிற்றுக்குள்ளே கல் தெரிந்தது.

"எங்க அக்கா" என்றார் ஆண்டிச்சாமி. உற்றுப் பார்த்துவிட்டு, "இல்ல... ஒம் பொண்டாட்டிதான்ல சேதுபதி" என்றார். இரண்டில் எது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

வேதமணி பதறிப்போனார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. என் பெட்டி பழசு. மூடியத் தெறந்து மெதுவா எண்ணி முடிக்கிற வரைக்கும் அசையாம நிக்கணும். பாதியில போனா பாதிதான் விழும்."

"பொறவு ஏன்யா அவளைப் போகச் சொன்னீரு?"

"நான் எங்க சொன்னேன்? நிக்கத்தான் சொன்னேன்."

வெள்ளத்தாய் அன்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிற்றில் கை வைத்து வைத்துப் பார்த்தாள். "அசையவே மாட்டேங்குது. கல்லு மாதிரி கெடக்கு" என்றாள். நான் ஊரைச் சிரிக்க வைக்கிறவன். அவளிடம் சொல்ல ஒரு பொய்கூட எனக்கு வாயில் வரவில்லை. மாடத்தியும் கடைசி மாதத்தில் இப்படித்தான் கஞ்சியைத் தள்ளினாளாம். பெண்கள் வாசலில் நின்று குசுகுசுத்தார்கள்.

வேதமணியை மறுபடியும் கூட்டி வந்தேன். "முழுசா நிக்க வச்சு எடுத்துருவோம்" என்றார்.

"பாதி போயிருச்சு. மிச்சத்தையும் குடுத்துட்டு வரவா?" என்று அழுதாள் வெள்ளத்தாய்.

"அப்ப நான் பாதி நேரம் நிக்கேன். எனக்கும் அப்படி விழுந்தா பயமில்லைல்ல?" என்றேன்.

"ஏலே, நீ மட்டும் நின்னா ரெண்டு பேரும் சோடியாப் போயிருவிய" என்றார் ஆண்டிச்சாமி. "ஊரே நிக்கட்டும். அவ நடுவுல நிக்கட்டும். போனா எல்லாரும் போவோம்."

சாயங்காலம் கல்லைச் சுற்றி எல்லாரும் நின்றோம். வெள்ளத்தாயை நானே கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேட்டது. வேதமணி மூடியைத் திறந்தார். பாதி எண்ணிக் கையை வீசினார். அவ்வளவுதான், வெள்ளத்தாயையும் இழுத்துக்கொண்டு புலியைக் கண்ட ஆட்டு மந்தை மாதிரி ஓடினோம். திரும்பிப் பார்த்தேன். கல் மட்டும் நின்றது.

படம் வந்தது. எல்லாரும் புகை. என் நெஞ்சுக்குள்ளே ஒரு வெள்ளாடு மேய்ந்தது. ஆண்டிச்சாமியின் மீசைக்குள் பனைமரம். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வெள்ளத்தாயைத் தேடினேன். நடுவில் இருந்தாள், எங்களைப் போலவே புகையாக.

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் முழுசாக நின்றாள்.

சேலை மடிப்பு தெரிந்தது. காதில் தொங்கிய பாம்படம் தெரிந்தது. ஒரு கை வெள்ளத்தாயின் கையைப் பிடித்திருந்தது. மற்றது முன்னால் தள்ளிய தன் வயிற்றின் மேல் இருந்தது.

"இந்தம்மா வெலகவே இல்லையே" என்றார் வேதமணி மெதுவாக. ஆண்டிச்சாமி படத்தை வாங்கிப் பார்த்தார். 'அக்கா' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"யாரு அது? எங்கிட்டக் காட்டுங்க" என்று வந்தாள் வெள்ளத்தாய்.

ஆண்டிச்சாமி முந்திக்கொண்டார். "எம் பொண்டாட்டி இருளம்மா. நகருன்னா என்னைக்கு நகந்திருக்கா அவ?"

இருளம்மாள் மதினி படம் எடுத்த அன்று மம்சாபுரத்தில் தாய் வீட்டில் இருந்தவள். புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாட்டி. கால்வலி, நின்னுட்டேன். வயித்துக்கு மேல சேலைய வேற சுருட்டிச் சொருகியிருந்தேன்" என்றாள்.

வெள்ளத்தாய் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பசிக்குது" என்றாள். அன்று இரண்டு கும்பா கஞ்சி குடித்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பிரசவம் வரைக்கும் அவளை அந்தப் பாதைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன். காரணம் கேட்டால் பாம்பு என்றேன், காட்டுப்பன்றி என்றேன், துரைசாணி என்றேன்.

ஒரு வெயில் நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. அழுத அழுகையில் எருமைகூட வலப்பக்கம் திரும்பியது. அன்றைக்குத்தான் நான் முழுசாக மூச்சு விட்டேன்.

பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு ஒருநாள் வெள்ளத்தாய் சொன்னாள்: "அது இருளம்மாக்கா இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். எங் கையைப் பிடிச்சது அவிய கை இல்ல. ஊத்துத் தண்ணி மாதிரி குளுந்து கெடந்துச்சு."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

"நீங்க எல்லாரும் பயந்து கெடந்தியளே. மொத தடவை 'ஏட்டி, இங்க நிக்காத, போ'ன்னு காதுல சொன்னதும் அதே ஆளுதான். நான் படக்காரருன்னு நெனச்சுட்டேன். பொம்பளைக் குரல்னு பொறவுதான் ஒறைச்சுது."

அதற்குப் பிறகு நான் அந்தக் கல்லில் எதையும் இறக்கியதில்லை. கழுத்து ஒடிந்தாலும் வீட்டில் வந்துதான் இறக்குவேன். அவள் மட்டும் இறக்குகிறாள். கட்டைத் தலைக்கு ஏற்ற அந்தப் பாதையில் ஆள் யாரும் இருப்பதில்லை. எப்படி ஏற்றுகிறாள் என்று நான் கேட்டதில்லை. ஏற்றியதும் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள்.