கட்டில் வைத்த வான்

ஐப்பசி மாதத்து முதல் மழையிலேயே எங்கள் வான் வண்டி ஒழுகத் தொடங்கியது. ஒழுகியது கட்டிலின் தலைமாட்டில், இரண்டு தலையணைக்கும் நடுவில். வேறு எங்காவது என்றால் ஒரு கோப்பையை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். படுக்க வருகிறவரின் நெற்றியில் கோப்பை வைக்க முடியாது.

வானுக்குள் எதற்குக் கட்டில் என்று எங்கள் ஊர் பள்ளிமுனையில் கேட்காத ஆள் இல்லை. பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத்தான். வங்காலைப் பக்கம் தண்ணீர் ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளேயே படுத்து, உள்ளேயே தேத்தண்ணீர் வைத்து, விடிய எழும்பிப் பறவை பார்ப்பார்கள். வீடு வாசல் உள்ள சனம் ஏன் வானுக்குள் படுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. படுக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் மனுசன் கிறிஸ்ரி இருபது வருசம் கடலுக்குப் போனவர். போன மார்கழியில் நடுக்கடலில் எஞ்சின் நின்று, வாடைக் காற்று அடித்துக்கொண்டு போய், மறுநாள் பின்னேரம்தான் ஆளை இழுத்துவந்து கரையேற்றினார்கள். அதுவரை நான் கரையில் நின்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் செபமாலை சொன்னார்கள். எனக்கு முதல் மணியைத் தாண்டி வாய் வரவில்லை. கரையேறிய மனிதர் "இனிப் போகேல்ல, நிறஞ்சலா" என்றார். சொன்ன சூட்டோடு படகை விற்க வைத்து, இந்த வானை வாங்க வைத்தேன். ஆண்கள் மனம் மாறுவதற்கு அவகாசம் கொடுக்கக்கூடாது.

கிறிஸ்ரி வானைப் படகாகத்தான் பார்த்தார். புதுப் படகைக் கடலில் இறக்கும்போது என்ன செய்வாரோ அத்தனையும் செய்தார். பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிப்பித்தார். வானின் பக்கவாட்டுத் தகரத்தில் படகின் பெயரையே எழுதினார். படகின் முன்முனையில், அணியத்தில், நின்ற பாலைமரச் சிலுவையை, அந்தக் குருசைக் கழற்றிக் கொண்டுவந்து, வானின் கூரையில் துளை போட்டு, நாலு போல்ற்றால் இறுக்கினார். காகங்களுக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது.

முதல் ஆளாகக் கொழும்பிலிருந்து ஹம்சிகா என்ற பிள்ளை போன் எடுத்தாள். சனிக்கிழமை சிநேகிதியோடு வருகிறாளாம்.

"மழை பெய்தால் ஒழுகாதே அக்கா?"

"சீச்சீ" என்றேன். அப்போது என் இடக்கையில் ஈரத் தலையணை இருந்தது.

பக்கத்து ஊரான தாழ்வுபாட்டில் கிறிஸ்ரியின் பெரியப்பா மகன் யோசேப் இருக்கிறார். அவருடைய படகில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. வான் சரிவராவிட்டால் இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். உதவி செய்கிறாராம். அன்று சாப்பிடும்போது கிறிஸ்ரி சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள ஒழுக்கு நிக்காட்டி வானை வித்துப்போட்டு யோசேப்போட போறன்." சொல்லும்போது முகத்தில் ஒரு கவலையும் இல்லை. மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒழுக்குத் தேடும் படலம் தொடங்கியது. முதலில் யன்னல் ரப்பர்களுக்குச் சிலிக்கன் பூசினார். அடுத்த மழையில் அதே இடத்தில் சொட்டியது. பிறகு பாயைப் போட்டு வானுக்குக் கீழே புகுந்தவர், அங்கே மழைக்கு ஒதுங்கியிருந்த கழுதையைத் துரத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் சத்தம் போட்டார்.

"இஞ்ச வந்து பார், கதவுக்குக் கீழ எல்லாம் ஓட்டை!"

அடிப்பக்கத்தில் ஓட்டையைக் கண்டால் கடல் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. அத்தனையையும் படகுக்குப் பூசும் றெசின் பசை வைத்து அடைத்தார். அடுத்த மழை முடிந்து கதவைத் திறந்தபோது, கதவுக்குள் இளநீர் குலுங்கும் சத்தம் கேட்டது. யன்னல் இடுக்கால் இறங்கும் தண்ணீர் வெளியே போவதற்காக வான் செய்தவர்களே விட்ட ஓட்டைகள் அவை. திரும்பவும் துளை போட்டார். கதவுகள் வெகுநேரம் அழுதன. கட்டிலில் வழக்கம்போலச் சொட்டியது.

மறுநாள் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து வானுக்குள் ஏறினார்.

"என்ன செய்யப்போறீங்கள்?"

"போட்டில ஒழுக்குப் பாக்கிறதெண்டா உள்ளுக்குத் தண்ணி நிரப்பி, வெளிய எங்க கசியுதெண்டு பாக்கிறது."

"மெத்தையை என்ன செய்யிறதா யோசினை?"

யோசித்தார். "கழட்டி வைக்கலாம்."

நான் போய்த் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். அதற்குப் பிறகு அவர் கூரையில் ஏறி, பொருத்து, விளிம்பு, ரேடியோக் கம்பியின் அடி என்று ஒன்றுவிடாமல் பூசினார். வியாழக்கிழமை மழையில் கட்டில் நனைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் "சும்மா யோசேப்பைப் பாத்திட்டு வாறன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார். சும்மா பார்க்கப் போகிறவர் கடலுக்குப் போடும் பழைய காற்சட்டையைப் பையில் வைத்ததை நான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேத்தல் நிறையத் தண்ணீர் எடுத்து, சமையல் மஞ்சள்தூளை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். கட்டிலின் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்தேன். ஏணியைச் சாத்தினேன்.

தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதால் கூரையின் விளிம்பில் இருந்து தொடங்கி மேலே வந்தேன். ஓர் இடத்தில் ஊற்றுவது, இறங்கிப்போய்ப் பீங்கானைப் பார்ப்பது, திரும்ப ஏறுவது. ஊற்றிவிட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கழுதை என்னைப் பார்த்தது. விளிம்பில் ஊற்றினேன், பீங்கான் வெள்ளை. பொருத்தில் ஊற்றினேன், வெள்ளை. கம்பியின் அடியில், வெள்ளை. மிஞ்சியது குருசுதான். அதன் அடியில் ஊற்றும்போது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். இறங்கிப் பார்த்தால் பீங்கானின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு துளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

சந்தோசமாகத்தான் திரும்ப ஏறினேன். கண்டுபிடித்துவிட்டேன், பூசினால் சரி. அப்போதுதான் கூரையை ஒழுங்காகப் பார்த்தேன். அத்தனை இடத்திலும் பூச்சு தடித்துக் கிடந்தது. காகம் கொத்திய சின்னக் கீறலைக்கூட விடவில்லை. குருசின் நாலு போல்ற்றைச் சுற்றி மட்டும் ஒரு சொட்டுப் பூச்சு இல்லை. இருட்டில் படகின் அடியைக் கையால் தடவியே வெடிப்பைக் கண்டுபிடிக்கிற மனிதர் இவர். கண்ணுக்கு முன்னால் நிற்கும் நாலு போல்ற்றைத் தவறவிட்டிருக்க வழியே இல்லை.

கேத்தலோடு கூரையிலேயே இருந்துவிட்டேன். முதலில் கோபம் வந்தது. கோபம் போனபிறகு பயம் வந்தது. மார்கழியில் கரையில் நின்றபோது வந்த அதே பயம்.

மத்தியானம் கிறிஸ்ரி வந்து மேசையில் இருந்த பீங்கானை எட்டிப் பார்த்தார்.

"என்ன, சொதியோ?"

"உங்கட குருசுக்குக் கீழால வந்தது."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுகொண்டோ கதவில ஓட்டை அடைச்சனீங்கள்?"

"இல்ல, அது தெரியாமத்தான் அடைச்சனான். பிறகுதான் கண்டனான்."

"கண்டிட்டு ஏன் றெசின் வைக்கேல்ல?"

பீங்கானைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "எங்கட வீட்டில குருசுக்கு றெசின் வைக்கிறேல்ல. அப்பப்பாட வள்ளத்தில நிண்டது. பிறகு அப்பாட போட்டில, பிறகு என்ர போட்டில. போல்ற் மட்டும்தான். ஒட்டிப்போட்டா அடுத்த போட்டுக்குக் கழட்டேலாது."

"எந்த அடுத்த போட்டுக்கு?"

பீங்கானை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"அப்ப சிலிக்கனாவது பூசுங்கோ."

"காத்துக்கு ஆடுற சாமான். சிலிக்கன் பிளந்திடும்."

"கழட்டி வீட்டுக்குள்ள வையுங்கோ."

"கழட்டினா அது போட்டுக்குத்தான் போகும், நிறஞ்சலா." பீங்கானைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "போகேல்ல எண்டு உண்மையாத்தான் சொன்னனான். ஆனா விடிய எழும்பினா எனக்குப் போக ஒரு இடமில்ல."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தேன்.

"அண்டைக்குக் கரையில நிண்டது நான். இன்னொருக்கா என்னால நிக்கேலாது. போறதெண்டா குருசை இப்பவே யோசேப்பிட்டக் குடுங்கோ, ஹம்சிகாவுக்கு நான் போன் எடுத்துச் சொல்லுறன். இருக்கிறதெண்டா ஒட்டுங்கோ. நடுவில நிண்டு என்ர தலையணையில சொட்டாதேங்கோ."

எழும்பி வெளியே போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது, றெசின் வாளியைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே கறுத்திருந்தது.

நான் ஏறி மஞ்சள் தண்ணீரைத் துணியால் துடைத்து, காயவிட்டு இறங்கினேன். அவர் றெசினைப் பழைய பால்மா ரின்னில் ஊற்றினார். அதோடு ஹார்ட்னரைக் கலந்தால் பிறகு யோசிக்க நேரமில்லை, ரின்னுக்குள்ளேயே கல்லாகிவிடும். அதை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கலந்தார். ரின்னோடு ஏறினார். நான் ஏணியைப் பிடித்தேன்.

மேலே போனவர் குருசைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். ரின் சூடேறியிருக்க வேண்டும், கையை மாற்றிப் பிடித்தார். இறுகுது என்று கத்த வாய் உன்னியது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு முன்னால் நான் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான்.

கடலுக்குப் போகும் ஒவ்வொரு விடியலிலும் செய்வதுபோலக் குருசின் அடியைத் தொட்டு விரலை முத்தமிட்டார். பிறகு குனிந்து ஊற்றத் தொடங்கினார்.

"மட்டைத் தா" என்று கையை நீட்டினார். நான் வெட்டி வைத்திருந்த ஃபைபர் மட்டை, அந்தக் கண்ணாடி இழைத் துணியை, எடுத்துக் கொடுத்தேன். நாலு போல்ற்றும் அதற்குள் மூடப்பட்டன.

சனிக்கிழமை விடியும் நேரம் நல்ல மழை பெய்தது. பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. பத்து மணிபோல ஹம்சிகா சிநேகிதியோடு வந்து, உள்ளே பார்த்து, கட்டிலில் ஏறி இருந்து குதித்துப் பார்த்து, பிறகு வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, மேலே கமராவுக்கு முக்காலி வைக்க இடம் வேணும். அந்தக் குருசைக் கழற்றலாமா?"

கிறிஸ்ரி வானின் ரயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கழட்டேலாது, பிள்ளை" என்றார். "ஒட்டியாச்சு."

நான் உள்ளே போய்த் தலையணைக்கு உறை போட்டேன். அது முடிய வெகுநேரம் எடுத்தது.