ஆய்வின்படி

2026 மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. விடியலில் தொடங்கிய தூறல் விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. பல்லுறை செய்யும் அந்த நிறுவனத்தின் முதல் மாடியில், கணினிகளுக்குப் பொறுப்பானவள் தன் கையொப்பத்துக்கு வந்திருந்த ஒற்றைத் தாளை மூன்றாம் முறையாகப் படித்தாள். மூன்று முறையும் பார்வை ஒரே சொல்லில் முட்டி நின்றது.

"கணினிப் பொறுப்பாளரின் ஆய்வின்படி, நோயாளிகளின் வாய்ப்படங்கள் அனைத்தையும் சேமிக்கக் கீழ்க்காணும் நிறுவனம் தேர்ந்தெடுக்கப்படுகிறது."

கீழே இருந்தது 'நீலத்தின்' பெயர். படங்களை இணையம்வழி வாங்கிப் பாதுகாக்கும் மேகக் கணினிச் சேவை தர முன்வந்த இரண்டு நிறுவனங்களையும் அங்கே எல்லோரும் அவற்றின் சின்னத்து நிறத்தால் நீலம், பச்சை என்றே அழைத்தார்கள். அவள் ஆய்ந்து பரிந்துரைத்தது பச்சையை. ஆய்வு அவளுடையது, முடிவு அவளுடையதன்று. இரண்டையும் ஒரு 'படி'யைக் கொண்டு ஒட்டிவிட்டிருந்தார்கள்.

மருத்துவர்கள் பல்லைச் செதுக்கி, வாயின் உட்புறத்தைக் கருவியால் படமெடுத்து அனுப்புவார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் இங்கே அந்தப் பல்லின்மேல் பொருத்தும் உறை வடிவமைக்கப்படும். படம் தொலைந்தால், செதுக்கிய பல்லோடு ஒருவர் மறுபடியும் போய் வாயைத் திறந்து உட்கார வேண்டும். இத்தனை நாளும் படங்கள் குடியிருந்தது தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலுள்ள அறையின் ஒரு பழைய கணினியில். அந்த அறையில் மேகம் இல்லாமலே மழை பெய்யும். அதனால்தான் நிறுவனத்தின் உரிமையாளரான அவளுடைய அண்ணன், "ரெண்டு கம்பெனியையும் நீயே பாத்துச் சொல்லு, நீ சொன்னா சரி" என்றிருந்தான்.

அவள் பார்த்தாள். இரண்டு இடத்திலும் ஒரே படங்களை ஏற்றினாள், வேண்டுமென்றே அழித்தாள், மீட்டுத் தரும்படி கேட்டாள். பச்சை, தேநீர் ஆறுவதற்குள் அனைத்தையும் திருப்பித் தந்தது. நீலத்திலிருந்து நான்காம் நாள் மேல்தாடைகள் மட்டும் வந்தன. கீழ்த்தாடைகளைப் பற்றி வருத்தம் தெரிவிக்கப்பட்டிருந்தது.

அதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அண்ணன் பிரமாதம் என்றான். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். திங்கட்கிழமை இந்தத் தாள் தட்டச்சாகியிருந்தது. அண்ணியின் தம்பி நீலத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தான்.

தாளை எடுத்துக்கொண்டு அவள் அண்ணனின் அறைக்குப் போனாள். அண்ணியின் தம்பி ஏற்கெனவே அங்கே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா."

"ஏன், எழுத்துப்பிழை ஏதாவது விட்டுட்டேனா?"

"எழுத்து சரியா இருக்கு. சொல்ற விஷயம்தான் பொய். என் ஆய்வின்படின்னு போட்டிருக்கு. என் ஆய்வு சொன்னது பச்சை."

"மேடம், எங்களோடது தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது சதவீதம் உத்தரவாதம்" என்றான் அண்ணியின் தம்பி. வீட்டில் அவளை எந்த முறை சொல்லியும் அழைக்காமல் நழுவுகிறவனுக்கு அலுவலகத்தில் இந்த 'மேடம்' வசதியாகக் கிடைத்திருந்தது. "எழுத்துமூலமாவே குடுக்கறோம்."

"எதுக்குக் குடுக்கறீங்க? கடை தொறந்திருக்கும்னு. உள்ள சரக்கு பத்திரமா இருக்கும்னு இல்ல. அது ஒப்பந்தத்துல வேற பக்கம். அங்க 'முயற்சி செய்யப்படும்'னுதான் இருக்கு."

"அதெல்லாம் சும்மா சட்டத்துக்காகப் போடறது மேடம்."

"கீழ்த்தாடை வரலையே, அதுவும் சட்டத்துக்காகவா?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான்.

"ஒரு 'படி'க்கா இந்தப் பாடு?" என்றான்.

"அத்தான் மேல ஏறிட்டாரு, மேடம் படியை உருவுறாங்க" என்றான் அண்ணியின் தம்பி.

கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கும். இப்போது அது காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது.

"இந்தத் தாள் நம்ம அலமாரியில தூங்கப்போறதில்ல. நாளைக்கு எல்லா டாக்டருக்கும் போகுது. அவங்களுக்கு நீலமும் தெரியாது, பச்சையும் தெரியாது. நான் பாத்துட்டேனான்னு மட்டும்தான் பாப்பாங்க. பாத்தேன். இது வேணாம்னு சொன்னேன். வேணாம்னு சொன்னவ பேரைப் போட்டே வித்தா அதுக்கு என்ன பேருண்ணா?"

"சொந்தக்காரன்கிட்ட வாங்கறது ஒரு குத்தமா?"

"வாங்குங்க. உங்க கம்பெனி, உங்க மச்சான். ஆனா நீங்க வாங்கறதா எழுதுங்க. என் தலையில கட்டாதீங்க."

அண்ணன் நெற்றியைத் தேய்த்தான். "சரி, உன் வழிக்கே வரேன். 'ஆய்வின்படி' வேணாம், 'ஆய்வுக்குப் பின்'னு மாத்திடலாம். அது பொய் இல்லல்ல?"

"இல்ல. சூரியன் உதிச்ச பின்னாடியும்தான் முடிவு பண்ணீங்க. அதையும் சேத்துக்கலாம்."

மேசையிலிருந்த வெற்றுத்தாளை இழுத்தாள். நின்றபடியே எழுதி, அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"கணினிப் பொறுப்பாளரின் ஆய்வுக்கு மாறாக, உரிமையாளராகிய நான் கீழ்க்காணும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்." கீழே நீலத்தின் முழுப்பெயர்.

"இதுல ஒரு பொய்யும் இல்ல. போடுங்க. நானே எல்லா டாக்டருக்கும் அனுப்பறேன்."

அண்ணன் படித்தான். 'நான்' என்ற சொல்லின் மேல் சற்று நேரம் பேனா முனையை வைத்திருந்தான். பிறகு, முறுக்கு தளராமலே, கையொப்பமிடக் குனிந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்தது மச்சானின் கை.

"அத்தான், இதை எப்படி அனுப்பறது? எங்க ஆபீசுக்கும் ஒரு பிரதி போகணும். கேப்பாங்களே."

"என்ன கேப்பாங்க?"

"ஆய்வுல என்ன வந்துச்சுன்னு."

"வந்ததைச் சொல்லு."

"சொன்னா எப்படி அத்தான்?"

"நடந்ததுதானேடா?"

"நடந்ததுதான். அதை எழுதணுமா?"

அண்ணன் கையை விடுவித்துக்கொண்டான். மேசை இழுப்பறையில் துழாவி, அவள் கொடுத்த இரண்டு பக்கங்களையும் வெளியே எடுத்தான். அவை மடிப்புக் கலையாமல் இருந்ததை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். விரலை வரிமேல் ஓட்டிக் கடைசிவரை படித்தான்.

"கீழ்த்தாடை இன்னுமா வரல?"

"புகார் பதிவாயிருக்கு அத்தான். வந்துரும்."

"எப்ப?"

அண்ணியின் தம்பி கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான். 

"நாளைக்கு ஒரு டாக்டர் போன் பண்ணி, என் நோயாளி வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கார், படம் எங்கன்னு கேட்டா, பதிவாயிருக்குன்னு நான் சொல்லவா?" இப்போது அண்ணனுக்கும் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று முடிவாகாததால் தங்கையின் பக்கம் திரும்பினான். "எழுது. உன் பச்சையையே எழுது."

"நீங்க எழுதுங்க. முடிவு உங்களோடது."

அவன் இன்னொரு தாளை எடுத்தான். பள்ளிப் பரீட்சை எழுதுகிறவனைப் போல இடக்கையால் தாளை அணைத்துக்கொண்டு, பச்சையைத் தேர்ந்தெடுப்பதாக எழுதினான். அண்ணியின் தம்பி தான் கொண்டுவந்திருந்த விளக்கக் கையேடுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திணித்தான். ஒன்று மடங்கியது, நிமிர்த்தவில்லை.

"இதை உங்க அண்ணிகிட்ட யாரு சொல்றது?" என்றான் அண்ணன், நிமிராமல்.

"தேர்ந்தெடுத்தவங்கதான்."

உன் பேரைப் போட்டது தப்பு என்று ஒரு வார்த்தை வரும் என அவள் நின்றாள். வரவில்லை. வரும் என்று நின்றதற்காகத் தன்மேலும் ஆத்திரமாக இருந்தது. அண்ணன் கையொப்பமிட்டான், தேதியிட்டான், மை காய ஒருமுறை ஊதினான். அவள் முகத்தைப் பார்க்காமல், சன்னலைப் பார்த்தபடியே, தாளை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.