வற்றிய ஏரியும் என் அப்பக்கடையும்

ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனான். அடுத்த கிழமைக்குள் கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை காலியாகிவிட்டது. வத்தளைக்குப் போனவர்கள், குருநாகலுக்குப் போனவர்கள், எங்கே போகிறோம் என்று தெரியாமலே பாயும் சட்டியுமாகப் போனவர்கள். என் அப்பக்கடைக்கு வர ஆளில்லை. புளித்த மாவை நானே தெருவோரச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். ஊற்றும்போது யுத்தம் செய்கிற அத்தனை ராஜாக்களையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

என் புருஷன் வலன்ரைன், வத்தளையில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அடுப்பு, சட்டி, ஆட்கள் இருந்து சாப்பிடும் வாங்கு எல்லாவற்றையும் நாகேந்திரம் என்பவருக்கு விற்கப் பேசியும் விட்டார். என்னைக் கேட்கவில்லை. அந்த அடுப்படியில் வெந்தவள் நான். என் கையால் நானே உண்டாக்கியது என்று சொல்ல எனக்கு வேறு என்ன இருக்கிறது?

“நாளைக்குக் காலமை நாகேந்திரம் வருவார். அழாமக் குடுத்திடு, ஐறீன்.”

“அழமாட்டன். ஆனா உங்களோட கதைக்கவும் மாட்டன்.”

அன்று பின்னேரம் ஒரு சிப்பாய் வாசலில் குனிந்து உள்ளே வந்தான். பெயர் லாபிசன். ஆபிரிக்காவில் நியாசாலாந்து என்று ஒரு சின்ன நாடாம். மிஷன் பள்ளியில் அவன் படித்த இங்கிலீஷையும் கொன்வென்டில் நான் படித்த இங்கிலீஷையும் வைத்துக் கதைத்துக்கொண்டோம். அப்பத்தோடு பொரித்த நெத்தலிக் கருவாடு வைத்தேன். கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. தங்கள் ஏரியிலும் இந்த அளவு மீன் உண்டு, இப்படித்தான் வெயிலில் காயவைப்போம் என்றான்.

கடல் இல்லாத நாடு, ஆனால் ஏரிகள் உண்டாம். ஒன்றுக்கு அக்கரையே தெரியாதாம். அவன் ஊரிலிருப்பது சின்னது, பெயர் சில்வா ஏரி. எங்கள் தெருவிலேயே எத்தனையோ சில்வாமார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

“நான் சின்னவனாக இருந்தபோது அந்த ஏரி முழுக்க வற்றியது,” என்றான். “ஓடத்தில் போன இடத்தில் நடந்து போனோம். ஊரே வெளிக்கிட்டுப் போனது. அப்பா மட்டும் ஓடத்தை விறகாக்க விடவில்லை. எல்லாரும் அவரைப் பைத்தியம் என்றார்கள்.”

“பிறகு?”

“மழை பெய்தது. ஏரி நிரம்பியது. மீனும் வந்தது.”

“அவ்வளவு நாளும் மீன் எங்கே இருந்தது?”

“ஆறு வந்து விழும் இடத்தில், நாணலுக்குள் ஒளிந்திருந்தது. தூரம் போகவில்லை.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தேன். களனி ஆற்றைக் கடந்தால் வத்தளை. எங்கள் சனமும் அங்கேதானே பதுங்கிக் கிடக்கிறது!

அன்று பொழுதுபட அரிசி இடித்து மாக் கரைத்தேன். வலன்ரைன் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

காலையில் நாகேந்திரம் மாட்டுவண்டியோடு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“என்ன தங்கச்சி, எரியிற அடுப்ப எப்பிடி வண்டியில ஏத்திறது?”

“ஏத்தத் தேவையில்ல. நான் விக்கேல்ல.”

சொல்லிவிட்டுப் பின்கதவைப் பார்த்தேன். வலன்ரைனுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். அவர் பின்பக்கத்திலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து வாங்கைத் துடைத்தார்.

“இருங்கோ அண்ண. வெறும் வயித்தோட போகாதேங்கோ,” என்று நாகேந்திரத்தை உட்காரவைத்தார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “இவருக்கு ரெண்டு அப்பம் சுடு.”

என் மனுஷனுக்கும் கடையை விட்டு வத்தளைக்குப் போக மனமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.