கதை கேக்கும்

கிணற்றடியில் இருந்த தண்ணி மோட்டர் களவு போன அன்றே கள்ளன் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வளவுச் சதீஸ். பொலிசுக்குக் காட்ட அத்தாட்சி இல்லை, அவ்வளவுதான். குழாயை அறுக்காமல், நட்டுகளைச் சாவி போட்டுக் கழற்றி, கிணற்றுக் கட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஊர் கனகராயன்குளத்தில் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தான். இலை விழுந்தாலே குரைக்கிற எங்கள் நாய் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதற்கு முதல் கிழமைதான் அவன் அந்த மோட்டரைத் திருத்தித் தந்து, நல்ல சாமான், கவனமாக வைத்திருங்கோ என்று சொல்லிவிட்டும் போனவன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் மனைவி அன்னபாக்கியம் இதைக் காதில் போட்டுக்கொள்ளவே மறுத்தாள். எனக்கு என் நிழலிலும் சந்தேகம் என்றாள். அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, ஒருவர் குனிந்து புகுந்து வரக்கூடிய இடைவெளி. அதற்குள்ளால்தான் சதீஸின் மனைவி ராஜினி காலையும் மாலையும் வந்து, அன்னபாக்கியத்தின் முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடுவாள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். ஒழுங்கையால் சுற்றிப்போக அன்னபாக்கியத்தின் கால் இடம் கொடாது. அந்தப் பொட்டு அடைபட்டால் அவளுக்குக் கதைக்க நான் மட்டும்தான் மிச்சம். நான் அவளுக்குப் போதமாட்டேன் என்பதை அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

நான் வவுனியாவுக்குப் போய்க் கமரா விசாரித்தேன். நாலு கமரா, பெட்டி, வயர், பூட்டுகூலி என்று கடைக்காரன் சொன்ன கணக்கில் இன்னும் இரண்டு மோட்டர் வாங்கலாம். ஒரேயொரு சின்னக் கமராவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அதை மரத்தில் பூட்டவும் ஆள் வேண்டும், அது வேலை செய்ய வைஃபையும் வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் இருந்தது சதீஸ் மட்டும்தான். கள்ளனைப் பிடிக்கக் கள்ளனையே கூப்பிடவேண்டி வந்ததை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கூலி வேண்டாம் என்றான். தங்களுடைய வைஃபை கிணற்றடிவரை வரும், அதிலேயே போட்டு விடுகிறேன் என்றான். சந்தேகம் எனக்கு இன்னும் கூடியது.

"பொட்டைப் பாக்கிறமாதிரி வைக்காதேங்கோ, அதுகள் என்ன நினைக்குங்கள்?" என்று அன்னபாக்கியம் என் காதுக்குள் சொன்னாள். கிணறு தெரிந்தால் காணும் என்று நானும் நல்லபிள்ளையாகச் சொன்னேன். ஆனால் ஏணியில் ஏறிய சதீஸ் மாமரத்தில் கமராவை இறுக்கிவிட்டு, தானாகவே கொஞ்சம் திருப்பினான். பொட்டு படத்துக்குள் வந்தது. இதாலும் ஆட்கள் வரலாம்தானே என்றான். இவன் ஒன்றில் வெகுளி, இல்லாவிட்டால் பெரிய எத்தன். நான் எத்தன் என்றே முடிவெடுத்தேன்.

பிறகு என் போனில் எல்லாவற்றையும் காட்டித் தந்தான். கீழே இருந்த மைக் படத்தைத் தொட்டு, "இதை அமத்தினீங்கள் எண்டால் கதை கேக்கும், மாமா" என்றான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அவர்கள் கதைப்பதை வீட்டுக்குள் இருந்தே கேட்கலாம் என்றால், அத்தாட்சி தானாக வந்து விழுமே.

மூன்று கிழமை பார்த்தேன். ராஜினி வந்தாள், போனாள், கறிவேப்பிலை முறித்தாள். எங்கள் சேவல் அவர்கள் பக்கம் போய் வந்தது. சதீஸ் ஒருநாள் கிணற்றை எட்டிப் பார்த்து நின்றான். அந்தத் துண்டை மட்டும் பத்துத் தரம் ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஒரு பின்னேரம் சதீஸும் ராஜினியும் பொட்டடியில் நின்று இரகசியம் போல எதையோ கதைத்தார்கள். ராஜினியின் முகத்தில் கோபம். அவளுடைய கையில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. போனின் சத்தத்தை நான் குறைத்தே வைத்திருப்பேன், அதனால் ஒன்றும் விளங்கவில்லை. மைக் படத்தை அமத்திப் பிடித்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. இன்னும் இறுக்கி அமத்தினேன். அன்னபாக்கியம் குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள்.

"வந்து பார், மோட்டரைக் களவெடுத்தவனும் பெண்சாதியும் பங்கு பிரிக்கினம்" என்றேன். "எண்ணெய் பூச வாறன் எண்டு வந்து இவள்தான் உளவு பாத்துக் குடுத்திருக்கிறாள்."

திரையில் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை நிமிர்த்திக் கமராவைப் பார்த்தார்கள். மரத்தில் குரங்கு ஏதும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அன்னபாக்கியத்தின் முகம் வெளிறிப்போனது. என் குரல் மாமரத்துக் கமராவிலிருந்து வளவு முழுக்கக் கேட்டதாம்.

விரலை எடுத்தேன். அப்போதுதான் சதீஸின் குரல் மெல்லியதாக வந்தது.

"கேக்குது, மாமா."

அடுத்தநாள் காலை அவன் பொட்டை அடைத்தான். கதியால் தடிகள் நட்டு, தகரம் வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினான். அந்த வேலையும் வெகு ஒழுங்கு. அன்னபாக்கியம் இந்தப் பக்கம் கதிரையைப் போட்டு இருந்து கடைசிவரை பார்த்தாள். "உங்களோட கோவமில்லை மாமி" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. எண்ணெய் பூசப் போனேன், காலை இழுத்துக்கொண்டாள்.

ரோசமுள்ளவன் இனி வைஃபையை நிறுத்துவான் என்று பார்த்திருந்தேன். நிறுத்தவில்லை. இதிலும் ஒரு தந்திரம் இருக்கும் என்று அந்தப் பின்னேரப் பதிவை எடுத்து, போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டிக் கேட்டேன். நான் மைக்கை அமத்துவதற்கு முன்னால் அவர்கள் கதைத்தது அதில் இருந்தது. கமரா டேட்டாவைத் தின்கிறது, பிள்ளையின் ஒன்லைன் வகுப்பு இடையில் நின்று போகிறது, கழற்றச் சொல்லுங்கோ என்று ராஜினி நச்சரிக்கிறாள்.

"இருக்கட்டுமப்பா" என்கிறான் சதீஸ். "மோட்டர் போனதிலயிருந்து அந்த மனுசனுக்கு நித்திரையில்லை. இதைப் பாத்தாவது ஆறுதலா இருக்கட்டும்."

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மோட்டர் இன்றைக்கும் கிடைக்கவில்லை, எடுத்தவன் யாரென்றும் தெரியாது. கமரா இன்றைக்கும் அவனுடைய வைஃபையில்தான் ஓடுகிறது. கிணற்றைத் தவிரப் படத்தில் தெரிவது தகரம் மட்டும். அதற்கு அந்தப் பக்கம் யாரோ முற்றம் கூட்டுகிற சத்தம்.

அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். மைக் படத்தை அமத்தினேன். யாருக்குக் கேட்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

"சதீஸ்... நான்தான் பிழை. கேக்குதோ தம்பி?"

விரலை எடுத்தேன். கூட்டுகிற சத்தம் நின்றிருந்தது.