லேமினேட் செய்த மகள்

நிறைமதியை நேற்று மாலை லேமினேட் செய்தோம். பிளஸ் டூ பிள்ளைகளைப் பரிசீலனைக்கு அழைத்துப் போகும் முன் எல்லாரும் செய்வதுதான். ஜெராக்ஸ் கடை ரத்தினசபாபதி ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு அழகாக வெட்டிக் கொடுத்தார். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

காலையில் அவளை வண்டியின் பின்னால் உட்கார வைத்தேன். உட்கார வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சாய்த்துக் கட்டினேன்.

வேகத்தடை வந்தால் அவள் "அப்பா, மெதுவா" என்பாள். யூகேஜியிலிருந்து ஒரு வேகத்தடையைக்கூட விட்டதில்லை. இன்று உறைக்குள் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

பள்ளியின் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. தனியார் பள்ளி என்பதால் நன்றாகவே நீண்டது. வழியெங்கும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்தவர் பிள்ளையைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று மதிப்பிடுவது எஸ்தர் மிஸ்ஸின் வேலை. அவருடைய மேசைக்குக் கீழே கல்லூரி உட்கார்ந்திருந்தது. முழங்கால் உயரம். மணிக்கூண்டு, படிக்கட்டு, எல்லாம் இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆயிரம் பேர் கேட்டால் முப்பது பேரைச் சேர்க்கிற கல்லூரி. எங்கோ வடக்கே, கேள்விப்படாத ஊரிலிருந்து வந்திருந்தது. நிறைமதிக்கு அதுதான் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"சாப்பிட்டுச்சுங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"காலைல இருந்து ஒருத்தரையும் தொடல சார்."

எஸ்தர் மிஸ் நிறைமதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரலால் தட்டிப் பார்த்தார். மார்க், கராத்தே, அபாகஸ், மாவட்ட அளவில் கோகோ, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"ரொம்பச் சுத்தமா இருக்கா."

"நன்றிங்க மிஸ்."

"அதான் சார் பிரச்சினை."

அவளைக் கல்லூரிக்கு முன்னால் வைத்தார். கல்லூரி முகர்ந்து பார்த்தது. பிறகு வாசலைச் சாத்திக்கொண்டது.

"வாய்ப்பு எவ்வளவுங்க?"

"பூஜ்யம். லேமினேட் பண்ணுன சர்ட்டிபிகேட்டையே ஆபீஸ்ல எடுக்க மாட்டேங்கறாங்க. பிள்ளைய எப்படி சார் எடுப்பாங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னுதானுங்க..."

"எல்லா அப்பாவும் அதான் சொல்றாங்க."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. உறைக்குள்ளிருந்து நிறைமதி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலாம்.

"பிரிச்சறலாங்களா?"

"பிரிக்கலாம். மை எல்லாம் கவரோட வந்துடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

நிறைமதி கண்ணைச் சிமிட்டினாள். ஒரு மூலையை நகத்தால் நெம்பி உரித்தேன். மார்க் போனது. கராத்தே போனது. அபாகஸ் போனபோது வலித்தது, சனிக்கிழமைதோறும் கொண்டுபோய் விட்டவன் நான். கடைசியில் உறை அவள் வடிவத்தில் என் கையில் நின்றது. மகள் தரையில் நின்றாள். கசங்கிய சுடிதார். ஒரு பக்கம் தூக்கிக்கொண்ட தலைமுடி. குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"இப்போ எவ்வளவுங்க?"

"மதிப்பிட ஒண்ணுமே இல்லையே சார்."

நிறைமதி தும்மினாள்.

எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்பார். நூறு வயது இருக்கட்டும் என்று. நான் வாயைத் திறந்தேன்.

"நூறு" என்றது கல்லூரி, மேசைக்கு அடியிலிருந்து.

அவள் மறுபடி தும்மினாள்.

"இருநூறு" என்றது.

எஸ்தர் மிஸ் பேனாவை மூடினார். "எடுத்துக்கிச்சு சார்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுகையும் வந்தது. தெரியாத ஊரில் இவள் தும்மினால் யார் சொல்வார்கள் என்பதுதான் இத்தனை நாளும் என் கவலை. ஆனாலும் முதல் நூறை நான் சொல்லியிருக்கலாம்.

கல்லூரி வாசலைத் திறந்தது. தீப்பெட்டி அளவு வாசல். நிறைமதி குனிந்தாள்.

"அந்தக் கவரத் தூக்கிப் போட்டுறாதீங்கப்பா."

"மாட்டேன் அம்மிணி."

"போயிட்டு வர்றேன்."

"நேரத்துக்குச் சாப்பிடு."

உள்ளே போனாள். மாடியில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. எஸ்தர் மிஸ் கல்லூரியை ஒரு துண்டால் மூடிவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

உறையை வண்டியில் சாய்த்துக் கட்டினேன். காற்றில் படபடத்தது. முதல் வேகத்தடை வந்தபோது என் கவனம் ரோட்டில் இல்லை.

"அப்பா, மெதுவா" என்றது உறை.

பிரேக்கைப் பிடித்தேன். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினேன்.

நேர்வழியில் இன்னும் இரண்டு வேகத்தடைதான். ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றினால் ஒன்பது. நான் வண்டியை ரயில்வே கேட் பக்கம் திருப்பினேன்.