மின்தடைக்கு மறுநாள் கச்சேரி

மாரிசெல்வி மண்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இராஜபாளையத்துக்கு வந்தாள். குடத்துக்கு லக்கேஜ் போட வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாத குடத்துக்கு எதற்கு இரண்டு துண்டு சுற்றியிருக்கிறாய் என்று அவர் விடாமல் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலைச்சாமி பதில் சொன்னான்.

"அடிச்சாத்தாம்ணே தெரியும் உள்ள என்ன இருக்குன்னு."

கண்டக்டர் லக்கேஜும் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. முன்னால் போய்விட்டார்.

சோலைச்சாமிக்குப் பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை. கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிப் பழகியவன். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கும் கிருபாபாய் சர்ச்சில் வயலின் வாசித்தவள். இவர்களை ஒன்று சேர்த்தது கௌதம்ராஜ். இராஜபாளையத்து ராஜுவீட்டுப் பையன். அப்பாவுக்குப் பேண்டேஜ் கம்பெனி. சென்னையில் செல்லோ படித்துவிட்டு, ஆள் உயரப் பெட்டியோடு திரும்பி வந்தவன். நாலாவது ஆள் மாரிசெல்வி. அவள் அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தார். மகளுக்கு அவர் எதையும் சொல்லித்தரவில்லை. அவர் வீட்டில் இல்லாத நாட்களில் இவள் குடத்தை எடுத்து அடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நாலு பேரும் சேர்ந்தால் வருவது எந்த வகையிலும் சேராது. ஜெபப்பாட்டு மெட்டில் தொடங்கும். நடுவில் மாப்பிள்ளை ஊர்வலம் போகும். செல்லோ அடியில் உறுமும். அது குழம்பாமல் இருந்ததற்குக் காரணம் குடம். மாரிசெல்விக்கு இது தெரியும். கௌதம்ராஜுக்குத் தெரியாது.

தெரியாததால்தான் பத்து நாளைக்கு முன்னால் அப்படிச் சொன்னான். அடுத்த மாதம் சென்னையில் ஒரு விழாவில் வாசிக்க இடம் கிடைத்திருக்கிறது, அதற்கு மதுரையிலிருந்து தபலாக்காரர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன் என்றான். "நீங்க நம்ம ஊர்ல வாசிங்கக்கா. அங்க குடம் எடுபடாது." மரியாதையாகச் சொன்னான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

ஸ்பின்னிங் மில்லில் பதினொரு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவள் அவள். ஒத்திகை சாயங்காலம், ஷிப்டும் சாயங்காலத்திலேயே தொடக்கம். ஒன்றை விடு என்று சூப்பர்வைசர் சொன்னார். மில்லை விட்டாள். அதற்காக வருத்தப்பட்டது கிடையாது. ஆனால் மில்லையும் விட்டு, குடத்தையும் விட்டு, வீட்டில் சும்மா உட்காருவதற்காக அதைச் செய்யவில்லை. இன்றைக்கு வாசிப்பதுதான் அவளுடைய கடைசிக் கச்சேரியாக இருக்கக்கூடும். பஸ்ஸில் வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

கச்சேரி கிட்டங்கித் தெருவில். ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிய கிட்டங்கிகள் காலியாகிப் பூட்டிக் கிடந்தன. இப்போது ஒன்றில் ஓவியர் ஒருத்தர் இருக்கிறார். ஒன்றில் நாடக ஒத்திகை. ஒன்றில் மண்பாண்ட வகுப்பு. வாசலில் காப்பிக் கடை போட்டு, சுவரில் படம் வரைந்து, மதுரையிலிருந்துகூட ஆட்கள் வந்து போட்டோ எடுக்கிற இடமாகிவிட்டது. எல்லாம் காலியாகவில்லை. இவர்கள் வாசிக்கப்போகும் கிட்டங்கிக்கு அடுத்த சுவர் ஹபீப் ரகுமானின் தறிக்கூடம். இருபத்து நாலு தறி, எல்லாம் பேண்டேஜ் துணி. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்று பார்த்துத்தான் கௌதம்ராஜ் நாள் குறித்திருந்தான்.

அவர்கள் உள்ளே நுழையும்போது இருபத்து நாலும் ஓடிக்கொண்டிருந்தன.

கௌதம்ராஜ் நடுவில் நின்றுகொண்டு கத்தினான். என்ன கத்துகிறான் என்பது கேட்கவில்லை. வெளியே இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் கேட்டது. முந்தின நாள் சனிக்கிழமை மாதாந்தர மின்தடை. கரண்ட் போன நாளுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவார்கள். மில்லில் ஒரு வருடம் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயம். சனிக்கிழமை கரண்ட் கிடையாது என்று மாரிசெல்வி வாட்ஸப்பில் போட்டிருந்தாள். நம் கச்சேரி ஞாயிறுதானே அக்கா என்று எழுதி, கட்டைவிரலையும் போட்டிருந்தான் கௌதம்ராஜ். கம்பெனி முதலாளி மகனுக்கு இது புரியாமல் இருக்குமா என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஹபீப் ரகுமான் கையைப் பிசைந்தார். நாளைக் காலையில் லாரி வருகிறது, நிறுத்த வழியில்லை என்றார். நாற்காலிகளில் எண்பது பேர் உட்கார்ந்தாகிவிட்டது. சென்னை விழாக்காரர் ஒருத்தரும் முன்வரிசையில் இருந்தார். ரத்து செய்துவிடலாம் என்றான் கௌதம்ராஜ். அவன் முகம் வெளுத்திருந்தது.

மாரிசெல்வி அவனை விட்டுத் திரும்பினாள். ஹபீப் ரகுமானிடம் கேட்டாள்.

"பாய், டீ எப்ப?"

"ஆறுக்கும்மா. பத்து நிமிசம். தறிய நிப்பாட்டிட்டுத்தான் குடிப்பாங்க."

அப்போது மணி நாலரை. "ரத்தெல்லாம் வேண்டாம் தம்பி" என்றாள். "நான் நடுவுல உக்காருதேன். எல்லாரும் என் இடது கையப் பாருங்க. காத நம்பாதிங்க."

ஸ்பின்னிங் மில்லில் யாரும் வாயால் பேசுவதில்லை. மிஷின் சத்தத்தில் கத்தினாலும் பிரயோஜனம் கிடையாது, எல்லாம் கைதான். அரை மணி நேரத்தில் அவர்களுக்கு நாலு சைகை சொல்லிக்கொடுத்தாள். இரண்டு விரலைத் திருகினால் நூல் அறுந்துவிட்டது, அதாவது உன் பக்கம் தாளம் விட்டுப்போச்சு, சேர்ந்துகொள். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவாக. கையை விரித்துத் தூக்கினால் பாபினில் நூல் நிரம்பிவிட்டது, கழற்று. இங்கே அடுத்த பகுதிக்குப் போ. தோளைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். இங்கே உன் முறை, தனியாக வாசி.

சோலைச்சாமி சந்தேகம் கேட்டான். "சூப்பர்வைசர் வந்தா நான் ஊதணுமா, ஒளியணுமா?"

"ஊது. ஒளிஞ்சது போதும்."

அவர்கள் இவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். வழக்கமாக அவள் இடம் ஓரத்தில், கதவை ஒட்டி. குடத்தை மடியில் சாய்த்து வலது கையால் தொடங்கினாள். தறி போடும் அடியிலேயே அடித்தாள். இருபத்து நாலும் ஒன்றாக அடிக்காது. ஒன்றை ஒன்று துரத்தும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சேர்ந்து விழும், மறுபடி பிரியும். பதினொரு வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றவளுக்கு எப்போது சேரும் என்று கால் சொல்லும். சேருகிற இடத்தில் கையைத் தூக்கினாள். மூவரும் அடுத்த பகுதிக்குத் திரும்பினார்கள்.

முதல் உருப்படியில் கிருபாபாய் இரண்டு தடவை தவறினாள், இரண்டு விரலைப் பார்த்துச் சேர்ந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே வாசித்துப் பழகிய கௌதம்ராஜ் அன்றைக்குக் கண்ணை மூடவே இல்லை. நாற்காலியில் இருந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். யாரும் எழுந்து போகவில்லை. அவர்களும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி உருப்படி. அதை அந்த நேரத்துக்கு வைக்கச் சொன்னது அவள்தான். தறி நின்றதும் நாம் பிரிந்து கிடந்தால் அசிங்கமாகிவிடும் என்று கௌதம்ராஜ் பயந்திருந்தான். பிரிந்திருந்தால் ஊர் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டாள். கேட்காத ஒன்றை நன்றாக வாசித்தோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போக அவளுக்கு விருப்பமில்லை.

ஆறு மணி. ஒரு தறி நின்றது. பிறகு நாலைந்து. பிறகு எல்லாமே. அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த சுவரே நின்றுபோனமாதிரி இருந்தது.

அந்த அமைதிக்குள் வயலினும் கிளாரினெட்டும் செல்லோவும் ஒரே அடியில் சேர்ந்து ஒலித்தன. குடம் கீழே நடந்துகொண்டிருந்தது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. முன்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது, அவ்வளவு சுத்தம். மாரிசெல்வி தோளைத் தொடவில்லை, யாருக்கும் முறை கொடுக்கவில்லை. உள்ளங்கையை அழுத்தி மூவரையும் அடக்கிவிட்டு, இரண்டு நிமிடம் அவளே தனியாக அடித்தாள். பிறகு கையைத் தூக்கினாள். முடித்தார்கள்.

கைதட்டல் அடங்கியபோது, தறிக்கூடத்தின் பக்கவாட்டு வாசலில் தலையில் பஞ்சு ஒட்டிய ஒரு பெண் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவள். அவளும் மில்லில் இருந்தவள் போலிருக்கிறது. இரண்டு விரலைத் திருகி, புருவத்தை உயர்த்தினாள். உன் பக்கம் ஏதும் அறுந்ததா? மாரிசெல்வி உள்ளங்கையைப் படுக்கை வசமாக வீசினாள். இல்லை. எல்லாம் ஓடுகிறது.

சென்னைக்காரர் கௌதம்ராஜிடம் வெகுநேரம் பேசினார். பேசிவிட்டு அவன் இவளிடம் வந்தான். மதுரைத் தபலாக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறேன் என்றான். தான் சொன்னது தப்பு என்றும் சொன்னான். அவள் குடத்துக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வேண்டாங்கணும்? வந்து வாசிக்கட்டும்" என்றாள். "ஆனா அவரும் என் கையத்தான் பாக்கணும்."

புதன்கிழமை ஒத்திகைக்கு முதலில் வந்தது அவள்தான். பாயை விரித்து, குடத்தை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.